பத்தாவது மாடியிலிருந்து தெரிந்த சிவப்பு

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தே கால் மணிக்கு, பள்ளி முடிந்து வந்த என் மகள் காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலில் தன் செடித்தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நெற்றியைத் தொட்டேன். கை சுட்டது. டெங்கிக் காய்ச்சல் என்று பரிசோதனையில் தெரிந்தது.

மருத்துவமனையில் அவளுடைய இரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போனபோது நான் அந்தத் தொட்டியையே நினைத்துக்கொண்டிருந்தேன். அடித்தட்டில் தண்ணீர் தேங்கியிருந்ததா? கொசு அங்கிருந்துதான் வந்ததா? இன்றும் தெரியாது.

தொட்டியில் இருந்தது இந்தத் தீவின் காட்டுச்செடி. மலாயில் கெலாட் என்பார்கள். நாவல் மரத்துக்கு உறவு. பூ வெள்ளையாய்ப் பஞ்சுபோல் இருக்கும். ஆனால் அவள் கேட்டு வாங்கியது தளிருக்காக. செக்கச்செவேலென்று துளிர்த்து, செம்மஞ்சளாகி, பிறகுதான் பச்சையாகும்.

வீடு திரும்பியதும் அதைத்தான் தேடினாள்.

"செடி எங்கப்பா?"

"கீழ பொதுத் தோட்டத்துல நட்டுட்டேன். மண்ணுல இருந்தா தண்ணி தேங்காது."

"தூக்கிப் போட்டுட்டீங்க. சும்மா சொல்றீங்க."

தடுப்புச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். பத்தாவது மாடியிலிருந்து எல்லாம் ஒரே பச்சை. கூட்டிப்போய்க் காட்டியிருக்கலாம், கீழே கொசு இருக்குமே என்று எனக்குப் பயம். கைப்பேசியில் படம் காட்டினேன்.

"இதுல இலையே இல்ல. செத்துரும்."

இடம் மாறியதில் பாதி இலைகள் உதிர்ந்திருந்தன. அவளும் சரியாகச் சாப்பிடவில்லை, அறையைவிட்டு வரவில்லை. தேக்கா சந்தையில் நிலவேம்பு வாங்கிவந்து மனைவி கஷாயம் வைத்தாள்.

"அத அந்தச் செடிக்கு ஊத்துங்கம்மா. ரெண்டு பேர்ல ஒருத்தராவது பொழைக்கட்டும் லா."

மனைவி மட்டும் சிரித்தாள்.

வேலை முடிந்து எல்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கினால் வீட்டுக்குப் போகுமுன் தோட்டத்துக்குத்தான் போவேன். எங்கள் புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் அப்போது மாலைதோறும் மழை. ஒருநாள் கிளை நுனிகளில் நகமளவு சிவப்பு. அவளிடம் சொல்லவில்லை. அதுவும் வாடிவிட்டால்?

இரண்டு சனிக்கிழமை கழித்துக் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் செருப்புச் சத்தம். முழுக்கைச் சட்டை, செருப்புக்குள் காலுறை, அரைப் புட்டி கொசு மருந்தின் வாடை. மகள் தனியாக மின்தூக்கியில் இறங்கி வந்திருந்தாள்.

"திட்டாதீங்கப்பா, மருந்து தடவிட்டுத்தான் வந்தேன். மேலேர்ந்து பாத்தா சிவப்பா தெரியுது. கொஞ்சம் தள்ளுங்க, மறைக்கிறீங்க."