மனைக்கல் ஓணான்கள்

கணக்கெடுப்புக்குப் போகிறவர் தனியாகப் போகக் கூடாது என்பது விதி. பாம்பு கடித்தால் தூக்கிக்கொண்டு ஓட இன்னொரு ஆள் வேண்டும், வேறொன்றுமில்லை. ஊர்வன பற்றி ஆராய்ச்சி செய்யும் என் தோழி, எங்கள் பக்கம் ஒரு மாதம் அவற்றைக் கணக்கெடுத்துத் தரச் சொல்லி இதைப் போனில் சொன்னபோது, விருத்தாசலத்துக் கோடையில் என்னோடு புதர்க்காட்டில் நடக்க யார் வருவார்கள் என்று யோசித்தேன். கல்லூரி விலங்கியல் துறையில் என்னோடு பாடம் நடத்தும் எல்லோருக்கும் அந்த மாதம் முழுக்க ஏதாவது ஒரு கல்யாணம் இருந்தது. கடைசியில் என் கணவரைக் கேட்டேன்.

அவர் பீங்கான் கம்பெனியில் சூளை மேற்பார்வையாளர். சூளையின் சிறு துளை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்தே உள்ளே இருப்பது வெந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். ஆனால் சமையலறைச் சுவரில் பல்லி இருந்தால், கூடத்தில் நின்றபடியே தண்ணீர் கேட்பார்.

"தூக்கிக்கினு ஓடணும்னா, நான் உன்னைத் தூக்கணுமா, நீ என்னைத் தூக்கணுமா?" என்று கேட்டார்.

"யாரைக் கடிக்குதோ அவங்களை."

"அப்ப நீ ஜாக்கிரதையா இரு. எனக்கு முதுகு வலி இருக்குது."

இப்படித்தான் அவர் சம்மதித்தார்.

நாங்கள் தேட வேண்டியவை நான்கு. ஊரில் இருதலை மணியன் என்று சொல்லும் மண்ணுளிப் பாம்பு, உடும்பு, பச்சோந்தி, விசிறி ஓணான். நான்குமே எங்கள் பக்கம் குறைந்துகொண்டு வருபவை. இதில் தோழிக்கு முக்கியம் விசிறி ஓணான். கைவிரலை விடக் கொஞ்சம் நீளமான, மண் நிற ஓணான் அது. வெயில் காலத்தில் ஆண் ஓணான் உயரமான இடத்தில் ஏறி நின்று தொண்டைத் தோலை விசிறி போல விரித்து விரித்து மூடும். பெண் பார்க்க வேண்டும், பக்கத்து ஆண் பயப்பட வேண்டும், இரண்டுக்கும் ஒரே விசிறி. இதை நான் பல வருடங்களாக வகுப்பில் நடத்துகிறேன். நேரில் ஒருமுறையும் பார்த்ததில்லை. இதைச் சொல்லாமல் விட்டிருப்பேன், ஆனால் என் கணவர் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை.

வேலை எளிதானதுதான். தேர்ந்தெடுத்த இடத்தில் அரை கிலோமீட்டர் நேர்கோட்டில் மெதுவாக நடந்து, இருபக்கமும் பார்த்து, கண்டதை நோட்டில் எழுத வேண்டும். களிமண் வெட்டிவிட்டுப் போன பழைய குழிகளின் ஓரம், ஒரு முந்திரித் தோப்பு, எங்கள் பக்கத்து மங்களூர் கிராமத்துக்குப் போகும் வழியில் ஒரு முள்காடு என்று நான் இடங்களைக் குறித்து வைத்திருந்தேன். முதல் நாளே அவர் அதற்கு மறுப்புச் சொன்னார்.

"இங்கெல்லாம் எதுக்கு? நாம மனை பாக்கப் போனமே, அங்க ஒண்ணு தொண்டையை விரிச்சிக்கினு நின்னுதுன்னு சொன்னேன்ல?"

மூன்று வருடத்துக்கு முன்பு சேத்தியாத்தோப்பு ரோட்டில் ஒரு மனை பார்க்கப் போயிருந்தோம். அவர் எதையோ காட்டியது நினைவிருந்தது. நான் அப்போது மனை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது சாதாரண ஓணானா இருக்கும்ங்க. ப்ளாட் போட்ட இடத்துல அது எப்படி இருக்கும்?" என்றேன். ஆசிரியை என்பதால் அந்தக் குரல் எனக்குத் தானாக வந்துவிடுகிறது.

நோட்டில் எழுதும் பொறுப்பை அவரிடம் கொடுத்தேன். முதல் வார முடிவில் வாங்கிப் பார்த்தபோது இப்படி இருந்தது: 'ஓணான், வேலிமேல். என்னை முறைத்தது.' 'அரணை. மரியாதையாக விலகிப் போனது.' 'உடும்பு, தூரத்தில். அவசர வேலை போல.'

"இதை எப்படிங்க அனுப்புறது?"

"நடத்தைன்னு ஒரு கட்டம் போட்டு இருக்குதுல்ல. அதுலதான் எழுதி இருக்கேன்."

ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்து என்னோடு நடக்கும் மனிதரிடம் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன். உடும்பு வரியை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அதற்கு உண்மையிலேயே அவசர வேலை இருந்தது போலத்தான் தெரிந்தது.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், களிமண் குழியின் ஓரத்தில் கம்பெனிக்காரர்கள் கொட்டிவிட்டுப் போன உடைந்த பீங்கான் குவியல் பக்கம் நின்று பிளாஸ்கில் இருந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தோம். அவர் தலையைச் சாய்த்து எதையோ கேட்டார்.

"இங்க யாராச்சும் வடை சுடுறாங்களா?"

"காட்டுலயா?"

"எண்ணெய் காயிற மாதிரி சத்தம் வருது."

எனக்கும் அப்போதுதான் கேட்டது. அது சுருட்டை விரியன். சுருண்டு கிடந்தபடி தன் உடம்பின் செதில்களை ஒன்றோடொன்று உரசி எழுப்பும் எச்சரிக்கை. அவருடைய இடது காலிலிருந்து இரண்டடி தள்ளி, உடைந்த பீங்கான்களின் இடுக்கில், அதே மண் நிறத்தில் இருந்தது. நான் காலில் தோழி அனுப்பிய பூட்ஸ் போட்டிருந்தேன். ஒரு ஜோடிதான் வந்திருந்தது. அவர் பத்து நாளாக ரப்பர் செருப்போடு என் பின்னால் நடந்துகொண்டிருக்கிறார் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

"அசையாதீங்க," என்றேன்.

என் குரலிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. என்ன, எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையில் டீ டம்ளரோடு அப்படியே நின்றார். வலது காலை முதலில் பின்னால் வையுங்கள், இப்போது இடது கால், மெதுவாக, என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொன்னபடி செய்தார். பாம்பு இருந்த இடத்திலேயே உரசிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி வந்த பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நோட்டைத் திறந்தார்.

"மணி என்னன்னு சொல்லு. எழுதணும்ல."

பேனா தாளில் நிற்கவில்லை. நான் வாங்கி எழுதப் பார்த்தேன். என்னாலும் முடியவில்லை, அந்தப் பக்கம் காலியாகவே இருந்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும், நாளையிலிருந்து நீங்கள் வர வேண்டாம், வேறு யாரையாவது பார்த்துக்கொள்கிறேன் என்றேன். செருப்பைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்க நினைத்தேன், அது வாயில் வரவில்லை.

"தனியா போகக் கூடாதுன்னு விதி இருக்குதுல்ல," என்றார்.

மறுநாள் கம்பெனி ஸ்டோரிலிருந்து முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு அளவு பெரியது. அவர் நடந்தால் அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லா உயிரினங்களுக்கும் முன்கூட்டியே தகவல் போய்விடும்.

நான்காம் வாரமும் வந்தது. பச்சோந்தி ஒன்று கிடைத்தது, உடும்பு கிடைத்தது, மண்ணுளிப் பாம்பின் சட்டை ஒன்று கிடைத்தது. விசிறி ஓணான் மட்டும் இல்லை. கடைசி மூன்று நாள் மிச்சம் இருந்தபோது அவர் வண்டியை என்னைக் கேட்காமலே சேத்தியாத்தோப்பு ரோட்டில் திருப்பினார்.

"எனக்காக ஒரு காலை. இல்லைன்னா நாளைக்கு உன் முள்ளுக்காட்டுக்கே போவோம்."

நாங்கள் பார்த்த பிறகும் அங்கே ஒரு வீடு எழும்பவில்லை. சாயம் போன நுழைவு வளைவும் கிழிந்த கொடிகளும் சிவந்த மண்ணும் மஞ்சள் எண் எழுதிய மனைக்கற்களும்தான் இருந்தன. வளைவைத் தாண்டியதும் நான் நின்றுவிட்டேன். முதல் கல்லின் மேல் ஓர் ஓணான் பின்னங்காலை ஊன்றி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. தொண்டையிலிருந்து ஒரு விசிறி விரிந்தது, வெள்ளையில் நீலக் கோடு. மூடியது. மறுபடி விரிந்தது. இரண்டு கல் தள்ளி இன்னொன்று அதற்குப் பதில் சொன்னது. அதற்கு அப்பால் வேறொன்று. புல் அடர்ந்து வளராத வெட்ட வெளியும், ஏறி நிற்கக் கல்லும் அவற்றுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. நான் அதை முள்காட்டுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

நான் படம் எடுத்து முடிக்கும் வரை அவர் பொறுமையாக நின்றார். பிறகு நோட்டைத் திறந்துகொண்டே, "சாதாரண ஓணான்னு எழுதிக்கட்டுமா?" என்று கேட்டார்.

அடுத்த இரண்டு நாளும் அங்கேயே நடந்தோம். மூன்றாம் நாள் மனை புரோக்கர் இரு சக்கர வண்டியில் வேகமாக வந்து இறங்கினார். மூன்று நாளாக ஒரு தம்பதி மனை மனையாகக் குனிந்து பார்க்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"வாங்க சார், வாங்க மேடம். எந்த மனை புடிச்சிருக்குது?"

"பதினேழு நல்லா இருக்குது," என்றார் என் கணவர். "ஆனா அதுல ஆள் இருக்காரே."

புரோக்கர் முகம் மாறிவிட்டது. "யாருங்க? எல்லாம் க்ளியரா இருக்குதுங்க சார், ஒரு வில்லங்கம் கிடையாது."

என் கணவர் கல்லைக் காட்டினார். புரோக்கர் குனிந்து பார்த்து மூச்சு விட்டார். "இதுங்களா. தெனம் நிக்குதுங்க. வாங்க வர்றவங்க கண்ணுல படாம இருக்கணுமேன்னு நான் விரட்டிக்கினு இருந்தேன்."

அது ஏன் அங்கே நிற்கிறது என்று நான் விளக்கினேன். மெஷின் வைத்து மண்ணை வழிக்காமல் இருந்தால் நல்லது என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப ஒவ்வொண்ணும் ஒரு மனையைப் புடிச்சி வெச்சிருக்குதுன்னு சொல்றீங்க. எனக்கு மூணு வருசமா ஒரு மனையை விக்க முடியலைங்க மேடம்," என்றார்.

தோழி ரயிலில் வந்து ஒரு காலை முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அறிக்கையில் இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கேள்விக்கு 'உள்ளூர்த் தகவல்' என்று எழுதினேன். என் கணவர் அதைப் படித்துவிட்டு அந்த உள்ளூர் யார் என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு இந்த வேலையில் கிடைத்த உண்மையான ஆள் புரோக்கர்தான். இப்போது அவரே அவற்றைப் பார்த்துக்கொள்கிறார். வாங்க வருகிறவர்களிடம், இந்த மனையில் மண் சுத்தம், அரிய ஓணான் இருக்கிற இடம் என்று சொல்கிறாராம். அதனால் விற்றதா என்பது தெரியவில்லை. போன வாரம் போன் செய்தார்.

"மேடம், இருபத்தொம்பதுல வூடு கட்ட ஆரம்பிச்சிட்டாங்க. அங்க இருந்தது முப்பதுக்குப் போயிடுச்சு. அங்க ஏற்கெனவே ஒருத்தர் இருக்காருல்ல, காலையில இருந்து ரெண்டும் மாறி மாறி விசிறிக்கினு நிக்குது. நீங்க ஒரு தடவை வந்து பாத்தீங்கன்னா நல்லா இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை போனோம். முப்பதாம் எண் கல்லில் பழையவர் நின்றார். புதியவர் கொஞ்சம் தள்ளி, வீடு கட்டக் கொட்டியிருந்த செங்கல்மேல் ஏறி நின்றிருந்தார். கல்லை விட அது உயரம். வேலை செய்ய வந்த கொத்தனார் அந்தச் செங்கல்லை மட்டும் எடுக்காமல் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.