பத்து நிமிஷக்காரன்

இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு மழைக்காலத்தில்தான் தலைமைச் செவிலி அவனை முதன்முதலாகப் பார்த்தாள். பார்த்தாள் என்பதைவிட, மிதித்தாள் என்பதே சரி. கண்காணிப்பு அறையில் அவளுடைய மேசைக்கடியில் கேபிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நெட்வொர்க் பொறியாளன், "சிஸ்டர், அது என் கை. பத்து நிமிஷம் காலைத் தூக்கிக்குங்க" என்றான். அன்றுமுதல் மருத்துவமனை முழுவதும் அவனுக்குப் 'பத்து நிமிஷம்' என்றே பெயர்.

பெயருக்கேற்ற வழக்கமும் அவனிடம் இருந்தது. கணினிகளை இணைக்கும் எந்த நெட்வொர்க் சுவிட்சில் கைவைத்தாலும், பத்து நிமிடத்தில் தான் தடுக்காவிட்டால், புதிதாகச் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டுப் பழையபடி மறுதொடக்கம் செய்துகொள்ளுமாறு முதலில் அதற்குக் கட்டளையிடுவான். தவறு நேர்ந்தாலும் சுவிட்ச் தானே தேறிக்கொள்ளும். அவ்வளவு பயந்தாங்கொள்ளி.

"கல்யாணத்துக்கும் இப்படி வச்சியா தம்பி?" என்று அவள் சீண்டுவாள்.

"அங்கதான் சிஸ்டர் மறந்துட்டேன்."

எட்டு ஆண்டுகளுக்குப் பின், பழைய கட்டடத்தில் கிடக்கும் பன்னிரண்டு இதய நோயாளிகளின் துடிப்பலைகளைப் புதிய கட்டடத்தில் அவள் திரைக்குக் கொண்டுவரும் வேலை வந்தது. பழைய கட்டடத்தில் செவிலியர் இருவர்தாம். அலை தடுமாறினால் இவள்தான் தொலைபேசியில் கூவ வேண்டும். ஆனால், இரு கட்டடங்களுக்கும் தனித்தனி நெட்வொர்க்.

"முகம் குடுத்துப் பேசாத சம்பந்தி வீடுங்க, சிஸ்டர்" என்றான். "அங்க யாரு பேசறாங்கன்னே இங்க தெரியாது. 'எங்க பக்கம் இன்னார் பேசறாங்க'ன்னு அந்த வீட்டுப் பெரிய சுவிட்ச் இந்த வீட்டுப் பெரிய சுவிட்சுக்குச் சொல்லணும். அப்புறம் வேணுங்கற திரை கேட்டு வாங்கிக்கும்."

பிற்பகல் மூன்று மணிக்கு, அவள் மேசையிலேயே மடிக்கணினியை வைத்து, வழக்கமான பத்து நிமிடக் கெடுவைக் கொடுத்துவிட்டுத் தட்டினான். கண்ணாடிச் சில்லுகள் மின்னுவதுபோலப் பன்னிரண்டு அலைகளும் திரையில் ஓடின.

"அந்தந்தக் கட்டிலோட அலைதானான்னு பாத்துட்டு ஓடி வந்துடறேன். வந்துதான் கெடுவை நிறுத்தணும்" என்று பழைய கட்டடத்துக்குப் போகும் இணைப்புப் பாலத்தில் விரைந்தான்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆளில்லாத பதின்மூன்றாம் கட்டிலுக்குரிய கட்டத்தில் ஓர் அலை முளைத்தது. கோணல்மாணலான அலை. தொலைபேசியை எடுத்தாள்.

"நம்ம பத்து நிமிஷம்தான் சிஸ்டர்!" வார்டுச் செவிலி மூச்சிரைத்தாள். "நெஞ்சைப் புடிச்சிட்டு விழுந்துட்டாரு. பதிமூணாம் கட்டில்ல போட்டு ஒயரை மாட்டிட்டோம். டாக்டர் பாக்கறாரு. ரெண்டு பேரும் இங்கதான் நிக்கறோம், மத்தவங்களை நீங்க பாத்துக்குங்க!"

மடிக்கணினியில் புதிய வரி ஒன்று தோன்றியது: மறுதொடக்கத்துக்கு இன்னும் இரண்டே நிமிடம். அலைகள் அணைந்தால் பன்னிரண்டு உயிர்களையும் பார்க்க ஒரு கண்ணும் இராது. பதின்மூன்றாவதையும்தான்.

"போனை அவன் காதுல வை! தம்பி, எப்படி நிறுத்தறது?"

நீண்ட மூச்சிரைப்பு. "ரீலோட்... இடம் விட்டு... கேன்சல்."

அவசரத்தில் ஓரெழுத்தைத் தவறவிட்டாள். சுவிட்ச் ஏற்க மறுத்தது. இன்னும் ஒரு நிமிடம் என்றது திரை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லியபடி மறுபடி தட்டி, என்டரை அழுத்தினாள். மறுதொடக்கம் ரத்தாயிற்று என்று வந்த வரியை மூன்று முறை படித்தாள்.

"நின்னுடுச்சு தம்பி, நின்னுடுச்சு!"

"பன்னெண்டும்... தெரியுதா?"

"பதிமூணு தெரியுது."

மறுமுனையில் சிரிப்புப் போல ஏதோ கேட்டது. அதன்பிறகு அவன் கேட்டுக்கொண்டதுதான் அவனுடைய கடைசிப் பேச்சு:

"அதை மட்டும் பாத்துட்டு இருக்காதீங்க சிஸ்டர். மத்ததையும் பாருங்க."