சாவி ஒப்படைத்த வாரம்

“கோவில் சாவி இரண்டும் நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டன. நன்றி கூறப்பட்டது.”

மார்ச் மாதத்து முதல் ஞாயிறு, காலை பத்து மணி. எங்கள் செம்பனைத் தோட்டத்து அம்மன் கோவில் கூட்டக் குறிப்பேட்டில் நான் எழுதிய வரி இது. பிழை எதுவும் இல்லை. நான்தான் அதைச் சரியாகப் படிக்கவில்லை.

மலேசியாவில், சிரம்பானை அடுத்த லாபு பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் மருத்துவ உதவியாளன் நான். அந்தப் பதவிப் பெயர் யாருக்கும் வாயில் நுழையாது. பழைய வழக்கப்படி ‘டிரஸ்ஸர்’ என்றே கூப்பிடுவார்கள். கோவில் குறிப்பேடும் என் பொறுப்பு.

சாவி கொடுத்தவர் செம்பனைக் குலை வெட்டி ஓய்வு பெற்றவர். நீரிழிவு நோயாளி. மனைவி இறந்த பிறகு மகன் வீட்டில் இருந்தார். கடுங்காய்ச்சலில் படுத்தபோதுகூட அந்தச் சாவியைத் தன் மகனிடம் தராதவர்.

இரண்டு நாள் கழித்து, செவ்வாயன்று, மருமகளோடு கிளினிக்குக்கு வந்தார். மனநிலை பற்றிய கேள்வித்தாள் மலாயில் இருந்தது. எங்கள் பக்கம் நோயாளிக்காகக் கூட வந்தவரே பதில் சொல்லிவிடுவது வழக்கம். மருமகள் சொன்னார்: “மாமாவுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல லா. நல்லா சாப்பிடுறாரு.” எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று குறித்தேன். கிளம்பும்போது பெரியவர், நாங்கள் இரவல் கொடுத்திருந்த சர்க்கரை பார்க்கும் கருவியைத் துடைத்து, உறையில் போட்டு, மேசையில் வைத்தார்.

“இன்னும் ரெண்டு மாசம் வச்சிருக்கலாமேண்ணே.”

“இனிமே எனக்கு எதுக்கு தம்பி?”

‘ஒழுங்கான மனிதர்’ என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் கோவில் குறிப்பைச் சுத்தப் பிரதி எடுத்தேன். தேதி சரிபார்க்காமல் எதையும் எழுத மாட்டேன். சாவி ஞாயிறு. அன்றே தன் மோட்டார் சைக்கிளைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்ததாகக் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். கருவி இன்று. மூன்று நாளில் மூன்று பொருள், எதையும் யாரும் கேட்கவில்லை. பேனாவை மூடினேன். கேள்வித்தாளில் அவருடைய பதில் ஒன்றுகூட இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

டாக்டரிடம் சொல்லிவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். மருமகளைத் தேநீர் போடச் சொல்லி உள்ளே அனுப்பினேன்.

“அண்ணே, நேரா கேக்குறேன். செத்துப் போயிடலாம்னு தோணுதா?”

“ஃபாரத்துல இல்லன்னு போட்டாச்சே.”

“அது உங்க மருமக பதில்.”

“சொன்னா அதையும் கூட்டத்துல படிப்பியா? நன்றி கூறப்பட்டதுன்னு?”

“கோவில் புஸ்தகத்துல எழுத மாட்டேன். டாக்டர்கிட்ட மட்டும் சொல்வேன்.”

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “தோணுது தம்பி. நாளும் பாத்தாச்சு. வெள்ளிக்கிழம.”

அவரைத் தனியே விடவில்லை. மகனை வேலையிலிருந்து வரவழைத்தேன். அன்று மாலையே நானும் மகனும் மருமகளுமாகச் சிரம்பானில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். சில நாள் மருத்துவமனையில் இருந்தார். இப்போது மாதாமாதம் வருகிறார். சர்க்கரைக்கு மாத்திரை, மனதுக்கு மாத்திரை, இடையில் என்னைக் கிண்டல் செய்யவும் நேரம் இருக்கிறது.

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று இன்னும் பலர் பயப்படுகிறார்கள். நான் படித்தவையும் பார்த்தவையும் அப்படிச் சொல்லவில்லை. அதனால் கேட்கிறேன், தனியாக, தமிழில், சுற்றி வளைக்காமல். கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்கிறேன். பதில் யாருடையது என்று தாளின் ஓரத்தில் எழுதுகிறேன். ஒருவர் திடீரென்று பொருள்களைத் திருப்பித் தரத் தொடங்கினால் நன்றி சொல்வதற்கு முன் காரணம் கேட்கிறேன். இந்த முறையில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கோவில் சாவி ஒன்று மறுபடி அவர் இடுப்பில் இருக்கிறது, மற்றது செயலாளரிடம்.

ஒன்று மட்டும் பாக்கி. அந்தச் செவ்வாய் மதியம், நான் வருவதற்கு முன்பே, சிரம்பான் லோபாக்கில் இருக்கும் மகளுக்குத் தானே போன் செய்ததாகவும் அவள் எடுக்கவில்லை என்றும் அவர் சொல்கிறார். அப்படியானால் என் கேள்விக்கு முன்பே அவர் உதவிக்கு ஒரு கையை நீட்டியிருக்கிறார். மகளுக்கு அப்படி ஓர் அழைப்பு வந்ததாக நினைவில்லை; அந்தப் போனும் இப்போது அவளிடம் இல்லை. அழைத்தாரா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.