கார்டுக்கு ஒரு விருந்தாளி

விமான நிலையத்து லவுஞ்சுக்குள் போக என்ன வழி என்று தொண்ணூறுகளில் காரைக்குடியில் யாராவது கேட்டிருந்தால், அவரை என்னிடம்தான் அனுப்பியிருப்பார்கள். செக்காலை ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்த டிக்கெட் ஆபீசில் ஐந்து வருஷம் வேலை பார்த்தேன். சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கு டிக்கெட் போடுவதும், விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும், எத்தனை கிலோ ஊறுகாய் கொண்டுபோகலாம் என்று சொல்வதும் என் வேலை. இத்தனைக்கும் நான் அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. எல்லாம் ஏட்டுச் சுரைக்காய். அது கறிக்கு உதவாது என்று பிறகுதான் தெரிந்தது.

லவுஞ்ச் என்றால் காத்திருக்கும் அறைதான், ஆனால் மெத்தை போட்டது. வெளியே இரும்பு நாற்காலியில் ஊரே உட்கார்ந்திருக்கும்போது, உள்ளே சிலர் மட்டும் சோபாவில் சாய்ந்து, வேண்டியதை எடுத்துச் சாப்பிட்டு, குளித்துக்கூட முடித்து, விமானம் ஏறும் நேரத்துக்கு எழுந்து வருவார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு இடம் தேவைப்பட்டது ஆத்தாவுக்கு. அம்மாவை நாங்கள் ஆத்தா என்றும் அப்பாவை அப்பச்சி என்றும் கூப்பிடுவோம். ஆத்தாவுக்கு மதுரையில் வலது காலில் நரம்பு ஆபரேஷன் நடந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. காலைத் தொங்கப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வீங்கிவிடும். சிங்கப்பூரில் இருந்த அண்ணனுக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. பேரனைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், ஆத்தாவின் ஆசை அவ்வளவுதான். டாக்டர் தயங்கித் தயங்கிச் சம்மதித்தார். விமானத்தில் நாலு மணி நேரத்தை எப்படியாவது சமாளித்துவிடலாம், ஏறுவதற்கு முன்னால் காலை நீட்டிவைக்க ஒரு இடம் வேண்டும், இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்து படுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார்.

நான் ஆபீசில் இருந்த விதிப் புத்தகங்களைப் புரட்டினேன். விமானக் கம்பெனியின் திருச்சி ஆபீசுக்குப் போன் போட்டு, அங்கிருந்த மேனேஜரின் உயிரை எடுத்தேன். உயர்ந்த வகுப்பு டிக்கெட் வாங்கினால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அது நமக்கு எட்டாத உயரம். அடிக்கடி பறக்கிறவர்களுக்குக் கம்பெனியே ஒரு தங்க நிறக் கார்டு கொடுக்கும், அதைக் காட்டியும் போகலாம். அந்தக் கார்டுக்காரர் தன்னோடு ஒரு விருந்தாளியைக் கூட்டிப் போகலாம். இது எதுவும் இல்லாத நோயாளி என்றால் டாக்டர் சீட்டை அனுப்பிவைத்தால் மேனேஜர் ஒரு கடிதம் தருவார், நோயாளியும் துணைக்கு ஒருவரும் உள்ளே போகலாம். சீட்டை அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன் என்று அந்த மனிதர் நல்ல மனதோடு சொன்னார்.

பள்ளத்தூர் வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பும்போது எனக்குத் தலை கால் புரியவில்லை. ஆத்தாவுக்கு இடம் பிடித்துவிட்டேன் என்ற பெருமை. வீட்டில் சொன்னதும் அப்பச்சி கடிதம் வேண்டாம் என்றார். பேரனைப் பார்க்கப் போகும்போது நோயாளி என்று எழுதி வாங்கிக்கொண்டா போவார்கள் என்று கேட்டார். அண்ணன் நேரில் வந்து எங்களைக் கூட்டிப் போவதாக இருந்தான். மாதம் இரண்டு முறை விமானம் ஏறுகிறவன், தங்கக் கார்டு வைத்திருந்தான். மகன் கார்டு இருக்கும்போது மேனேஜரிடம் எதற்குப் போய் நிற்க வேண்டும்?

நான் விதியைப் படித்துக் காட்டினேன். கார்டுக்கு ஒரு விருந்தாளிதான்.

“ஒரு விருந்தாளின்னா ஒரு புள்ளி. நானும் உங்க ஆத்தாளும் ஒரு புள்ளிதானே? கல்யாணத்துக்கு அழைக்கிறவுக ஆம்பளைய மட்டுமா அழைக்கிறாக?” என்றார் அப்பச்சி.

இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஆட்களில் கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான் ஒரு புள்ளி. கோயில் காரியமானாலும் ஊர்க் காரியமானாலும் தலையை எண்ணுவதில்லை, புள்ளியைத்தான் எண்ணுவார்கள். இருவரில் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டால் மிஞ்சுகிறவர் அரைப்புள்ளி. கல்யாணம் ஆகாதவர்களுக்கு எண்ணிக்கையே கிடையாது. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் நான் வெளியேதான் உட்காரவேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. தினமும் தலைக்கு ஒரு டிக்கெட் என்று எழுதுகிற கைதான் என்னுடையது. ஆனாலும் வீட்டுக்குள் வந்ததும் எனக்கும் அப்பச்சி சொன்னதே நியாயமாகப் பட்டது. நாற்பது வருஷமாக ஒரு புள்ளியாக இருப்பவர்களை ஒரு கதவு எப்படிப் பிரிக்கும்? அண்ணனும் போனில், “நான் இருக்கேன்ல, பாத்துக்கிடலாம்” என்றான். மறுநாள் திருச்சிக்குப் போன் போட்டு, கடிதம் தேவைப்படாது, நன்றி என்று சொல்லிவிட்டேன். அந்தப் போனை நினைத்தால் இன்றும் என் விரலைக் கடித்துக்கொள்ளத் தோன்றும்.

நாலு பேரும் மெட்ராஸ் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு மணி. அப்பச்சி புது வேட்டியும் பட்டுச் சட்டையும் போட்டிருந்தார். சோதனையெல்லாம் முடிந்து உள்ளே வந்த பிறகு, விமானம் ஐந்து மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார்கள். இரும்பு நாற்காலிகளுக்கு நடுவில் கைப்பிடி வைத்திருந்ததால் காலை நீட்டவும் முடியாது. நான் ஆத்தாவின் காலையே பார்த்தேன். ஆத்தா பதறவில்லை. அதான் அந்த ரூம் இருக்கே என்று சிரித்தாள்.

லவுஞ்சுக்குக் கண்ணாடிக் கதவு. பக்கத்தில் மேசை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கார்டை நீட்டினான். அவள் அதைப் பார்த்துவிட்டு, சாரும் இன்னொருவரும் போகலாம் என்றாள். இவர்கள் இருவரும் கணவன் மனைவி என்று அண்ணன் சொன்னான். அவள் பொறுமையாக, யாராக இருந்தாலும் விருந்தாளி ஒருவர்தான் சார் என்றாள். அண்ணன் இங்கிலீஷில் ஏதோ வாதாடிப் பார்த்தான். அவள் சிரித்த முகம் மாறாமல் தலையை ஆட்டினாள்.

அப்பச்சி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையின் கதை எங்களுக்குத் தெரியும். வாலிபத்தில் கடை வேலைக்கு மலாயா போனபோது, கப்பலின் மேல்தட்டில் வெயிலிலும் மழையிலும் பாய் விரித்துப் படுத்துப் போனவர் அவர். முதல் வகுப்புச் சாப்பாட்டு அறை வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் நிற்பானாம், எட்டிப் பார்த்தாலே விரட்டுவானாம். இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறோம், ஒவ்வொரு தடவையும் அவருக்காக வருத்தப்பட்டும் இருக்கிறோம்.

“நான் உள்ள போயி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாரேன். வந்து உன்னைய அனுப்புறேன். அங்குட்டு உக்காந்திரு” என்று ஆத்தாவிடம் சொன்னார். ஆத்தா, போயிட்டு வாங்க என்றாள். அவர் தன் கைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு அண்ணனோடு உள்ளே போனார். பார்த்துவிட்டு உடனே வருகிறவருக்குப் பெட்டி எதற்கு என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கதவுக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் ஆத்தாவை உட்காரவைத்தேன். என்னிடம் இருந்தது ஒரு துணிப்பை. அதைத் தரையில் வைத்து மேலே காலை வைக்கச் சொன்னேன், முழங்கால் உயரம்கூட வரவில்லை. யாராவது உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கதவு திறந்தது. திறந்தபோதெல்லாம் அப்பச்சி தெரிந்தார். முதலில் தட்டோடு நின்றார். பிறகு சோபாவில் உட்கார்ந்தார். பிறகு அவரைக் காணவில்லை. வந்துவிடுவார் என்று ஆத்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டு தயாரானாள். வந்தது அண்ணன். அப்பச்சி குளிக்கிறாக என்றான்.

குளித்து முடித்தும் வரவில்லை. ஆத்தாவின் கால் கணுக்காலுக்கு மேலே பளபளவென்று வீங்கத் தொடங்கியிருந்தது. நான் அண்ணனைப் பிடித்து, அவரிடம் காலைப் பற்றிச் சொல், உடனே வரச் சொல் என்று அனுப்பினேன். போனவன் ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

“இன்னுங் கொஞ்ச நேரங்கிறாக. ஆத்தா நல்லாத்தானே உக்காந்துருக்கான்னு கேக்கிறாக.”

நீ அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வா என்றேன். பெற்றவரைப் பார்த்து எழுந்து வெளியே போங்க என்று எப்படிச் சொல்வது என்று அவன் கேட்டான். பெற்றவள் வெளியே இருக்கலாமா என்று நான் கேட்டேன். ஆத்தா, விடு, வருவாக என்றாள். அண்ணன் கொஞ்ச நேரம் எங்களோடு நின்றான், பிறகு பெட்டியைப் பார்க்கப் போவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டான்.

அடுத்த முறை கதவு திறந்தபோது அப்பச்சி இரண்டு காலையும் ஒரு மெத்தை முக்காலியின் மேல் நீட்டி வைத்திருந்தார். நல்ல கால்கள், ஒரு குறையும் இல்லாதவை. என் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன. அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அதை நான் மட்டும் பார்த்திருந்தால் பரவாயில்லை. என் பக்கத்தில் ஆத்தாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்தவள், அதற்குப் பிறகு நிமிரவே இல்லை.

விமானத்துக்கு அழைத்த பிறகுதான் அவர் வந்தார். தலை சீவி, நெற்றி நிறைய விபூதி பூசி, சோப்பு வாசனையோடு வந்து நின்றார். ஏற்பாடெல்லாம் பிரமாதம், கொஞ்சம் அசந்துவிட்டேன் என்றார். காகிதத்தில் மடித்து இரண்டு பிஸ்கட் கொண்டுவந்திருந்தார். ஆத்தா அவர் முகத்தைப் பார்க்காமல் அதை வாங்கி என்னிடம் கொடுத்தாள். நான் அதைக் குப்பைக் கூடையில் போட்டேன், அவர் பார்க்கும்படியே போட்டேன்.

சிங்கப்பூரில் ஆத்தாவின் கால் தோல் வெடித்து நீர் வடிந்தது. டாக்டர் எழுந்து நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தங்கியிருந்த நாட்களில் பாதிக்கு மேல் அண்ணன் வீட்டுப் பின்னறையில் படுத்தே கிடந்தாள். பேரனைப் பக்கத்தில் கொண்டுவந்து போடுவார்கள், அவன் முதுகைத் தடவிக் கொடுப்பாள். தூக்கி நடக்கவேண்டும் என்று வந்தவளுக்குக் கிடைத்தது அதுதான்.

முன்னறையில் அப்பச்சி, பார்க்க வந்த உறவுக்காரர்களுக்கெல்லாம் லவுஞ்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னென்ன பலகாரம், எத்தனை வகைப் பழச்சாறு, குளிக்கிற அறையில் துண்டு எவ்வளவு வெள்ளை என்று ஒன்று விடாமல் சொன்னார். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். நாங்க உள்ள போனோம், நாங்க சாப்பிட்டோம் என்று சொன்னார். எல்லாமே நாங்க. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த ஆத்தா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு தடவை மட்டும் என்னைப் பார்த்து, யாரைச் சொல்றாக என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கதவுக்கு வெளியே விட்டது ஒரு துரோகம் என்றால், விட்ட பிறகு கதையில் மட்டும் உள்ளே கூட்டிப் போனது அதைவிடப் பெரிய துரோகம்.

ஊருக்குத் திரும்பும் நாளுக்கு முன்னால் நான் யாரையும் கேட்கவில்லை. டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு விமானக் கம்பெனி ஆபீசுக்கு நானே போய், நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் என்று கடிதம் வாங்கி வந்தேன். அண்ணன் எங்களை விமான நிலைய வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டான். மூன்று பேரும் லவுஞ்ச் வாசலுக்குப் போனோம். அங்கிருந்த பெண் கடிதத்தைப் படித்தவுடன் எழுந்து வந்து, கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, இருவரும் வரலாம் என்றாள்.

அப்பச்சிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. வா வா, இங்குட்டு ரெண்டு பேருக்கும் இடம் இருக்காம் என்று ஆத்தாவைக் கூப்பிட்டார். ஆத்தா உள்ளே நுழையாமல் கதவைக் கடந்து நடந்து, வெளியே இருந்த நாற்காலி வரிசையில் முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நீங்க போங்க. என்னையத்தான் அன்னைக்கே அரைப்புள்ளி ஆக்கிப்புட்டீகளே. எனக்குப் பழகிருச்சு” என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. கழுத்தில் தாலியோடு, எதிரே புருஷன் உயிரோடு நிற்கும்போது எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பச்சியின் முகம் வெளிறிப்போயிற்று. அந்தப் பெண் கதவைப் பிடித்தபடியே எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பச்சி அவளிடம் கையை அசைத்து, வேண்டாம் என்றார். கதவு மூடிக்கொண்டது.

அவர் வந்து, நடுவில் ஒரு நாற்காலியை விட்டு உட்கார்ந்தார். பிறகு தன் கைப்பெட்டியை நிமிர்த்தி வைத்து, ஆத்தாவின் காலுக்கு நேரே நகர்த்தினார். போதுமான உயரம் இருந்தது. விமானத்துக்கு அழைக்கும்வரை அந்தப் பெட்டி அங்கேயே கிடந்தது. ஆத்தா அதன்மேல் காலைத் தூக்கி வைக்கவில்லை.