‘போயிட்டாரு’ என்று ஒரு மரணம்

பத்திரிகை வேலைக்குப் போவதற்கு முன் கொஞ்ச காலம் சங்கரன்கோவிலில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் குமாஸ்தாவாக இருந்தேன். ஆந்திரம் தனியாகப் பிரிவதற்குச் சற்று முந்திய காலம் அது. ஆபரேஷனுக்குப் பிறகு யாராவது இறந்தால், ஆபரேஷன் செய்த டாக்டரே நடந்ததை எழுதித் தர வேண்டும். ஆஸ்பத்திரிக் கமிட்டியில் இருந்த ஓய்வுபெற்ற டாக்டர்கள் அதைப் படித்து, தவிர்த்திருக்கக்கூடிய சாவா என்று முடிவு சொல்வார்கள். அவர்களுக்குப் போகும் முன், டாக்டர் எழுதியது வார்டில் நடந்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை.

எழுதுகிறவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எழுதுவார் என்ற நம்பிக்கையில் ஏற்பட்ட வேலை. எங்கள் டாக்டருக்கு அது பொருந்தவில்லை. அவர் தெலுங்கர். அவருடைய பிழைகள் எல்லாம் எதிர்த்திசையில் இருந்தன. முக்கால் உயிர் போன நிலையில் வண்டியிலிருந்து இறக்கியவரை ‘நல்ல நிலையில் வந்தார்’ என்று எழுதியிருப்பார். எழுபது வயதுக் கிழவர் அவர் எழுத்தில் ஐம்பதாகி, அகால மரணம் அடைந்திருப்பார். உங்கள்மேல் அவ்வளவு பழி இல்லை சார் என்று நான் வாதாடித் திருத்த வேண்டியிருந்தது.

ஒருமுறை ராயகிரி விவசாயி ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்துவிட்டு, சில நாள் கழித்து கோர்ட்டில் சாட்சி சொல்ல டாக்டர் திருநெல்வேலி போனார். திரும்பி வந்தபோது அந்தக் கட்டில் காலி. வார்டைப் பார்த்துக்கொண்ட அண்ணாச்சியிடம் கேட்டார்.

“போயிட்டாரு சார்.”

கஷ்டப்பட்டாரா என்று டாக்டர் கேட்டார்.

“இல்ல சார். சத்தங்காட்டாமப் போயிட்டாரு.”

தெலுங்கில் ஒருவரைப் ‘போயாரு’ என்றால் முதலில் தோன்றும் பொருள் சாவுதான். டாக்டர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் என் மேஜைக்கு வந்த விளக்கம், அவர் எழுதியவற்றிலேயே சிறந்தது. உள்தையலைத் தாம் போதுமான அளவு இறுக்கவில்லை. அது விட்டுப்போய், குடல் மாட்டிக்கொண்டு அழுகியிருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார். கூடவே ஒரு கடிதம்: இனி கத்தியைத் தொடுவதாக இல்லை, வெளிநோயாளிகளை மட்டும் பார்க்க அனுமதிக்க வேண்டும். இரண்டும் அன்றைய தபாலில் போக வேண்டும். அவர் கத்தியை வைத்துவிட்டால் எங்கள் ஆஸ்பத்திரியில் அதை எடுக்க வேறு ஆள் கிடையாது.

விளக்கத்தில் ஒரு விவரம்தான் இல்லை. உடலை யாரிடம் ஒப்படைத்தார்கள்? அண்ணாச்சியிடம் போனேன்.

“பாடிய யாரு வாங்கிட்டுப் போனது, அண்ணாச்சி?”

“எந்தப் பாடிய?”

“ராயகிரிக்காரரு பாடிய.”

“அவரு பாடிய அவருதாம்வே கொண்டுட்டுப் போனாரு. வேட்டிய இறுக்கிக் கட்டிக்கிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கமா.”

அவர் போவதைப் பார்த்தும் தடுக்காததற்குத் திட்டு விழும் என்றுதான் அண்ணாச்சி டாக்டரிடம் சுருக்கமாக முடித்திருக்கிறார். யாரிடமும் சொல்லாமலா போனார் என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரில எவம்வே சொல்லிக்கிட்டுப் போவான்? ‘போயிட்டு வாரேன்’னு சொன்னா, திரும்ப வரணும்லா?”

டாக்டரிடம் ஓடினேன். அவர் நம்பவில்லை. பழியைக் குறைக்க நான் வாதாடுவது வழக்கம்தானே. இதுவும் அந்த வகை என்று எடுத்துக்கொண்டார்.

“ஆறுதலுக்குச் சொல்றீங்க. கண்ணால பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. தபாலை மட்டும் நிறுத்திவைக்கச் சம்மதித்தார். மறுநாள் காலை இருவரும் சிவகிரிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து மாட்டுவண்டியில் ராயகிரிக்குப் போனோம். துக்க வீட்டில் சொல்ல வேண்டியதை டாக்டர் வழியெல்லாம் தமிழில் ஒத்திகை பார்த்தார். வேறு வழியில்லாமல் நான் இலக்கணம் திருத்தினேன்.

ஊருக்கு வெளியே வரப்பில் ஒருவர் புல்லுக்கட்டோடு வந்துகொண்டிருந்தார். டாக்டரைப் பார்த்தார், கட்டைக் கீழே போட்டார், திரும்பி ஓடினார். தப்பி வந்தவரைப் பிடித்துப்போக ஆஸ்பத்திரியே புறப்பட்டு வந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

ஓட வேண்டாம் என்று டாக்டர் தமிழில் கத்தினார். பிறகு தெலுங்கில் கத்தினார். புரியாத தெலுங்கு காதில் விழுந்ததும் ஓடுகிறவர் வேகம் கூடியது. எதிரே வந்த வாய்க்காலை ஒரே தாவில் தாண்டினார். டாக்டர் கத்துவதை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்து அந்த ஓட்டத்தைக் கூர்ந்து பார்த்தார்.

“தையல் நிக்குது,” என்றார்.

ஓடியவரை அவர் மனைவிதான் பிடித்துவந்தார். “என்னத்துக்கு ஓடுதிய? நூலைப் பிரிக்கத்தான வந்திருக்காவ?” என்று அந்த அம்மாள் திட்டிக்கொண்டே வந்தார். டாக்டரின் பையில் கத்தரி இருந்தது. துக்க வீட்டுக்கு அதை எதற்குக் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. கிணற்று மேடையில் படுக்கவைத்து நூலைப் பிரித்தார். புண் ஆறியிருந்தது. புல்லுக்கட்டுத் தூக்கியதற்கும் வாய்க்காலைத் தாண்டியதற்கும் தனித்தனியாகத் திட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் அவரும் கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஊர் நெருங்கும்போது, ஆபரேஷன் அறையைக் கழுவிவைக்கச் சொல்லுங்கள் என்றார். இன்னொரு குடலிறக்கக்காரர் வார்டில் காத்திருந்தார். அவருக்கு உள்தையலை இன்னும் இறுக்கிப் போடப் போவதாகவும் சொன்னார். முந்தியதில் தம் கைத்தவறு இருந்தது என்பதை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை.