சம்பந்தி தெரேசம்மாளும் கஸ்டம்ஸில் நின்ற பார்சலும்

செய்தி வந்த காலையில் நான் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தேன். போனில் என் மகள் செல்வி. "அம்மா, அத்தம்மா எந்திரிக்கல மா. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், எந்திரிக்கல" என்றாள். அப்புறம் பேச்சு இல்லை, அழுகைதான். அப்படி ஓர் அழுகையை நான் அவளிடம் கேட்டதே இல்லை. தனக்கு மார்பில் ஆபரேஷன் நடந்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. நான் போனாலும் இவள் இப்படி அழுவாளா? என் வீடு இருக்கிற மேட்டு லயத்திலிருந்து அவர்கள் வீடு இருக்கிற பள்ளத்து லயத்துக்கு இறங்கிப் போன வழியெல்லாம் எனக்கு இந்த நினைப்புத்தான். மாமியாருக்கு இந்த அழுகை என்றால் பெற்றவளுக்கு என்ன மிச்சம்? இறந்தவளைப் பற்றி எழுதுகிற இடத்தில் இதைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். தெரேசம்மாளைத் தெரிந்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன். அவளைப் பற்றிப் பூசி மெழுகி எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள்.

நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் இதை எழுதித் தரச்சொல்லி யாரிடமும் போய் நிற்கவில்லை. தெரேசம்மாளும் நானும் ஒரே கங்காணியின் கீழ் கொழுந்து எடுத்தவர்கள். என் கூடைதான் முதலில் நிறையும். ஆனால் நிறுக்கிற இடத்தில் பேர் அவளுக்குத்தான். அவள் வந்து நின்றால் கணக்கு எழுதுகிற கிராணி சிரிப்பார், லோரிக்காரர் சிரிப்பார், என் கூடையை யாரும் பார்க்கமாட்டார்கள். பிறகு அவள் மகனுக்கே என் மகளைக் கொடுத்தோம். சம்பந்தியான நாளிலிருந்து நான் அவளைச் "சம்மந்தி" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டேன். அவளுக்கு நான் கடைசிவரை "ஏ பாக்கியம்". என் வீட்டுக்கு வந்தால் நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டி மூடியைத் திறப்பாள். "என்னத்த இப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருக்க? தங்கமா?" என்பாள்.

செல்விக்கு மார்பில் கட்டி வந்து அறுத்து எடுத்தார்கள். ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு முறையும் அவளோடு போனது தெரேசம்மாள். எனக்குக் காரில் மலை இறங்கினால் வாந்தி. அது தோட்டத்துக்கே தெரியும். "நீ வரவேணாம் பாக்கியம். அப்புறம் உன்னைப் பாத்துக்க ஒரு ஆளு வேணும்" என்று சொல்லிவிட்டு, என் மகளின் பக்கத்தில் அவள் ஏறி உட்காருவாள். கார் வளைவில் மறையும்வரை நான் நின்று பார்ப்பேன். செல்வி திரும்பிக் கையாட்டுவாள். தெரேசம்மாளும் சேர்ந்து ஆட்டுவாள். அந்தக் கையாட்டலைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

ஆபரேஷனுக்குப் பிறகு செல்வியின் கை வீங்கத் தொடங்கியது. நீர் இறங்கிக் கை கனத்துப்போய், ரவிக்கை ஏறவில்லை, சோற்றுப் பானையைத் தூக்க முடியவில்லை. விட்டால் நிரந்தரமாகிவிடும் என்று டாக்டர் பயமுறுத்தினார். கை முழுக்க உறை மாதிரி மாட்டி, காற்றை அடைத்து அடைத்து நீரை மேலே தள்ளுகிற மெஷின் ஒன்றை மருமகன் வெளிநாட்டிலிருந்து வாங்கினார். மலேசியா வரைக்கும் வந்த பார்சல் கஸ்டம்ஸில் நின்றுவிட்டது. இறக்குமதி வரி கட்டு, கூரியர் கட்டணம் கட்டு, நோயாளியின் சாமான் என்றால் டாக்டர் கடிதம் காட்டு, இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவோம் என்று செய்தி வந்தது. மருமகன் காய்கறி லோரியோடு சிங்கப்பூர் போயிருந்தார். செல்வி அந்தச் செய்தியை மாமியாரிடம் காட்டியிருக்கிறாள். எனக்குச் சொன்னது யார் தெரியுமா? மோட்டாரில் ரொட்டி விற்க வருகிறவர். "என்ன பாட்டி, ஒங்க மக சாமான் கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சாமே?"

மறுநாள் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு கூரியர் கடை இருக்கிற தானா ராத்தா டவுனுக்கு பஸ் ஏறினேன். பெற்றவள் நான் இருக்கும்போது என் மகளுக்கு வேறொருத்தி கட்டுவதா? கூரியர் கடைக்குள் நுழைந்தால், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த தமிழ்ப் பெண்ணிடம் தெரேசம்மாள் ஏற்கெனவே உறவு கொண்டாடிக்கொண்டிருந்தாள். "ஒங்கம்மாவுக்குத் தாப்பா ஊரா? தாப்பால யாரு மக?" என்னைப் பார்த்ததும், "ஏ பாக்கியம், பஸ்லயா வந்த? வாந்தி எடுக்கலியா?" என்றாள், கடையே கேட்கும்படி.

நான் பணப்பையைத் திறந்தேன். "எவ்வளவுன்னு சொல்லும்மா, கட்டிடறேன்."

"அவசரப்படாத லா" என்று என் கையைப் பிடித்தாள் தெரேசம்மாள். "சீக்குக்காரிக்கு வந்த சாமான். டாக்டர் கடுதாசி கொடுத்து வரியக் கொறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன்."

"கெஞ்சி வாங்குற நெலமையில நாங்க இல்ல சம்மந்தி."

"கேட்டா என்ன, வாயா தேஞ்சிடும்?"

அந்தப் பெண் கஸ்டம்ஸுக்குப் போட்ட போனைக் காதில் வைத்தபடி, "பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்னு கேக்குறாங்க" என்றாள்.

"அம்மா" என்றாள் தெரேசம்மாள். கண் சிமிட்டவில்லை.

"அப்ப நான் யாரு?" என்றேன்.

"நீயும் அம்மாதான். யாரு இல்லேன்னா? ரெண்டு அம்மா இருந்தா அதுக்குன்னு தனியா வரி போடுவானா கஸ்டம்ஸ்காரன்?"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பெண் மறுபடியும், "ஒரு கைக்குத்தான் சாமான் வந்திருக்கு. கடிதத்துல எந்தக் கைன்னு போடல. எந்தக் கைம்மா?" என்று கேட்டாள். நான் முந்திக்கொண்டு உரக்க, "வலது" என்றேன். தெரேசம்மாள் மெதுவாக, "எடது, ஆயி" என்றாள்.

இடதுதான். நான் எப்போதும் என் மகளுக்கு எதிரே உட்கார்ந்து அவள் கையைப் பார்த்தவள். எனக்கு அது வலப்பக்கம். தெரேசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் மடியில் வைத்திருந்தவள். எதை எடுத்தாலும் கேலி பேசுகிற அவள், இதை மட்டும் கேலியாக்கவில்லை. லயத்தில் யாரிடமும் சொல்லவில்லை, செல்வியிடம்கூட. சொல்லியிருந்தால் நான் ஒரு சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அதற்கும் வழி வைக்காமல் போய்விட்டாள்.

கடிதத்தைப் பார்த்து வரியைக் குறைத்தார்கள். மீதியைக் கட்ட வேண்டிய நேரம் வந்ததும் தெரேசம்மாள் நகர்ந்து நின்றாள். "இப்பக் கட்டு. உன் மகளுக்கு நீ கட்டாம வேற யாரு கட்டுறது?" நான் கட்டினேன். வீட்டுக்குப் போனதும் செல்வியிடம், "ஒங்கம்மாதான் பஸ் ஏறி வந்து கட்டுனா. இல்லேன்னா சாமான் திரும்பிப் போயிருக்கும்" என்றாள். செல்வி என் தோளில் சாய்ந்துகொண்டாள். எனக்குக் கிடைத்த அந்த நல்ல பேரும் அவள் எடுத்துக் கொடுத்ததாகப் போயிற்று. இதை ஒருத்தி எப்படித் தாங்குவது, நீங்களே சொல்லுங்கள்.

பார்சல் வந்தது. உறையைக் கையில் எடுத்துக்கொண்டு நான் போனால், "அத்தம்மா மாட்டட்டும் மா, அவங்கன்னா வலிக்காது" என்றாள் செல்வி. தெரேசம்மாள் விரல் நுனியிலிருந்து தடவித் தடவி ஏற்றுவாள். "வலிச்சா வாயத் தெறந்து சொல்லு. ஒங்கம்மா மாதிரி உள்ளயே வச்சிக்காத" என்பாள். வீக்கம் வற்றியது. ரவிக்கை ஏறியது. ஆண்டவருக்கு நன்றி என்று அவர்கள் ஜெபம் சொன்னார்கள். நானும் முருகனுக்குத் தேங்காய் உடைத்தேன்.

அடக்கத்துக்கு ரிங்லெட்டிலிருந்தும் திரிங்காப்பிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மாதா கோயிலில் நிற்க இடமில்லை. வக்கீலுக்குப் படிக்கிற என் பேத்தி, செல்வியின் மகள், எங்கள் லயத்திலேயே முதன்முதலாக யுனிவர்சிட்டிக்குப் போனவள், என் மடியில் விழாமல் பெட்டிமேல் விழுந்து அழுதாள். எனக்கு இந்தக் கூட்டம் வராது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

துக்கத்தில் யாரும் மெஷினைத் தொடவில்லை. செல்வியின் கை மறுபடி வீங்கியிருந்தது. எல்லாரும் போன பிறகு அவளே உறையை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீங்க மாட்டுங்க மா." விரல் நுனியிலிருந்து தடவித் தடவி ஏற்றினேன். அன்றிலிருந்து தினமும் நான்தான். தெரேசம்மாளிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த வேலை ஒன்றுதான். இதை இனி யாருக்கும் விட்டுத் தரமாட்டேன். காற்று ஏறி இறங்கும்போது என் மகள் கண்ணை மூடிக்கொள்கிறாள். அந்த நேரத்தில் யாருடைய கை என்று நினைத்துக்கொள்கிறாள் என்பதை நான் கேட்பதில்லை.