மைனஸ் முப்பதில் நின்ற கால்

போன வருடம் ஆடித் தபசு முடிந்த மறுவாரம் அது. கரிவலம்வந்தநல்லூரில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்விட்டு, கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து சங்கரன்கோவிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். குறுக்கே ஒரு நாய் பாய்ந்தது. அவர் சடாரென்று பிரேக் போட்டார். அடுத்து எனக்குத் தெரிந்தது கன்னத்தில் சுட்ட தார் ரோடுதான். அவருக்குக் கையில் சிராய்ப்பு. எனக்கு இடது முழங்கால் சில்லு உடைந்துவிட்டது.

திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று டாக்டரும் சொன்னார். ஆனால் கட்டைப் பிரித்த பிறகு கால் நீளவில்லை. லேசாக மடக்கி வைத்தால்தான் வலி இல்லை என்று நானும் அப்படியே வைத்துப் பழகிவிட்டேன். நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடக்க வேண்டியதாயிற்று.

நான் விசைத்தறி ஷெட்டில் தறி ஓட்டுகிறேன். அந்த வேலையில் உட்காரவே முடியாது. நூல் அறுந்தால் ஓடிப்போய்க் கட்ட வேண்டும். ஒரு தறிக்கும் அடுத்த தறிக்கும் நடுவில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். ஷெட்டுக்காரர் நல்லவர், "கால் சரியானதும் வாம்மா" என்று சொல்லியிருந்தார். சரியாகாவிட்டால் என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் போனோம். சின்ன வயசுப் பெண், ஆனால் கண்டிப்பு. என்னைப் படுக்க வைத்து, காலை அழுத்தி அளந்து பார்த்தாள்.

"கால் நேரா நீண்டா அதுதான் ஜீரோக்கா. உங்களுக்கு முப்பது டிகிரி கொறையுது. மைனஸ் முப்பதுன்னு வச்சுக்கோங்க. இத இப்பவே சரி பண்ணணும். விட்டா மூட்டு அப்படியே இறுகிரும், பிறகு திரும்ப ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

என் பக்கத்தில் பள்ளிக்கூட யூனிபார்மோடு நின்ற என் மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது ஏழாம் வகுப்பு.

வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியைச் சில நாள் செய்தேன். முழங்காலுக்குள் யாரோ ஊசியை விட்டுத் திருகுவது போல இருக்கும். ஒரு நாள் கணவரிடம், "என்னால ஆகாதுங்க. கால் எப்படி இருக்கோ அப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டேன். என் கண்ணீரைப் பார்த்து அவரும் வற்புறுத்தவில்லை. பைக்கை ஓட்டியவர் தான்தானே என்ற குறுகுறுப்பு அவருக்கு.

அந்த நேரத்தில் மகளுக்கு வேறொரு தொல்லை. காலாண்டுத் தேர்வில் கணக்கில் கோட்டை விட்டிருந்தாள். மைனஸ் எண்கள் அவளுக்குப் பிடிபடவே இல்லை. மைனஸ் பன்னிரண்டு பெரிதா, மைனஸ் மூன்று பெரிதா என்ற கேள்விக்குப் பன்னிரண்டு என்று எழுதி, வகுப்பில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அதோடு ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்திருந்தார்கள். ஏதாவது ஒன்றை ஒரு மாதம் தினமும் அளந்து, அந்த விவரங்களை வைத்து வரைபடம் போட வேண்டும். அதில் மைனஸ் எண்கள் வர வேண்டும். மற்ற பிள்ளைகள் பனி பெய்யும் ஊர்களின் வெப்பநிலையை போனில் பார்த்து எழுதினார்களாம்.

ஒரு சாயங்காலம் சேலை வைக்கும் அட்டைப் பெட்டியை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன். பெரிய பாகைமானி செய்கிறாளாம்.

"ஜாமெட்ரி பாக்ஸ்ல உள்ளது சின்னதும்மா. ஒங் கால அளக்கப் பத்தாது."

"எங் கால எதுக்குட்டி அளக்க?"

"எனக்கு மைனஸ் நம்பர் வேணும்லா. நம்ம ஊர்ல பனியா பெய்யுது? ஒங் கால்லதான மைனஸ் இருக்கு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு அளந்தாள். மைனஸ் முப்பது. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் கிராஃப் தாளை ஒட்டி, உச்சியில் சிவப்புப் பேனாவால் ஜீரோ கோடு போட்டு, கீழே தாளின் அடியில் ஒரு புள்ளி வைத்தாள்.

"மேல எடமே விடலியே?" என்றேன்.

"ஜீரோவுக்கு மேல நீ எங்க போகப் போற? அதுவரைக்கும் வா, போதும்."

மறுநாள் நான் பயிற்சி செய்யவில்லை. புள்ளி அதே உயரத்தில் நின்றது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. படுத்தால் எழுந்தால் அந்தத் தாள்தான் கண்ணில் பட்டது. என் பிள்ளையின் வீட்டுப்பாடம் என்னால் தரையோடு கிடக்கிறதே என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன்.

அவளே ஒரு ஏற்பாடு செய்தாள். நான் காலை நீட்டித் தொடையை இறுக்கிப் பிடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஒரு கணக்குப் போடுவாள். கணக்கு முடிந்து விடை சரியாக வந்தால்தான் நான் காலைத் தளர்த்தலாம்.

"மைனஸ் எட்டுல இருந்து அஞ்சக் கழிக்கணும். மைனஸ் மூணு."

"ஏட்டி, கழிச்சா இன்னும் கீழல்லா போகும்! நான் மைனஸ் எட்டுல இருக்கேன்னு வச்சுக்கோ, இன்னும் அஞ்சு கெட்டுப்போனா என்ன ஆகும்? வலி உயிர் போகுது, சீக்கிரம் சொல்லுட்டி!"

சுவரைப் பார்த்தாள். விரலால் கீழே எண்ணிக்கொண்டே போனாள். "மைனஸ் பதிமூணு!" என்று கத்தினாள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். அந்தக் காலத்தில் எனக்கே விளங்காதது, வலியோடு சேர்ந்து இப்போது விளங்கியது. மைனஸ் மூன்றுதான் பெரிது என்பதை அவளும் அதற்குப் பிறகு தப்பாகச் சொல்லவில்லை. மைனஸ் மூன்றில் அம்மா கிட்டத்தட்ட நேராக நடப்பாளே!

புள்ளிகள் ஏற ஆரம்பித்தன. இருபத்தைந்து, இருபத்திரண்டு, பதினெட்டு. அதோடு நின்றுவிட்டது. ஒரு வாரம் கோடு படுத்தே கிடந்தது. பிறகு ஒரு சாயங்காலம் அவள் அளந்தாள். மைனஸ் இருபத்திரண்டு. கீழே இறங்கிவிட்டது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நேத்து உள்ளதையே போட்டுரு. யாரு வந்து பாக்கப் போறா?" என்றேன்.

"இல்லாதத எப்படிம்மா போட?"

"அப்பம் அதக் கிழிச்சுத் தூரப் போடு! ஒனக்கு வெளாட்டா இருக்கு. வலிக்கிறது எனக்குல்லா?"

அவள் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் சுவரோரம் ஸ்டூலைப் போட்டு ஏறி, இருபத்திரண்டில் ஒரு புள்ளி வைத்துக் கோட்டைக் கீழே இழுத்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள்.

"கோடு கீழ எறங்குனா மார்க் கொறைப்பீங்களான்னு கணக்கு சார்ட்ட கேட்டேன். கொறைக்க மாட்டேன், ஏன் எறங்குச்சுன்னு கண்டுபிடிச்சு எழுதுன்னு சொன்னாரு. ஏன்மா எறங்குச்சு?"

"எனக்கு எப்படிட்டி தெரியும்?"

"பயிற்சி செஞ்சல்லா?"

"செஞ்சேன்."

இருவரும் சுவரைப் பார்த்தோம். கோடு ஏறாமல் நிற்க ஆரம்பித்த நாளைத் தொட்டுக் காட்டி, அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டாள். சமையல், துவைப்பு, விருந்தாளி என்று யோசித்துப் பார்த்தோம். ஒன்றும் பிடிபடவில்லை. வெளியே கை கழுவிக்கொண்டிருந்த என் கணவர்தான், "நான் தலகாணி வாங்கிட்டு வந்தது அன்னைக்குத்தான?" என்றார்.

கால் வலிக்கிறதே என்று ஆசையாக ஓர் இலவம்பஞ்சுத் தலையணை வாங்கி வந்திருந்தார். அதை முழங்காலுக்கு அடியில் வைத்துப் படுத்தால் சொர்க்கமாக இருந்தது. ராத்திரி முழுக்க அப்படித்தான் தூங்கினேன்.

பிசியோதெரபி பெண்ணிடம் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பகல்ல நீட்டுறத ராத்திரி பூரா மடக்கி வச்சிருக்கீங்களேக்கா! தலகாணிய குதிகாலுக்குக் கீழ வைங்க. முட்டு அந்தரத்துல நிக்கட்டும், தானா நீளும்."

என் கணவருக்கு முகம் கறுத்துவிட்டது. நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே என்று வழியெல்லாம் புலம்பினார். வீட்டுக்கு வந்ததும் தலையணையைத் தன் கையால் என் குதிகாலுக்கு அடியில் வைத்துவிட்டு, நான் அந்த வலியில் உதட்டைக் கடிக்கும்போதெல்லாம் விசிறிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இந்த முறை 'வேண்டாம்' என்று நானும் சொல்லவில்லை, 'விட்டுரு' என்று அவரும் சொல்லவில்லை.

கோடு மறுபடி ஏறியது. வேகமாக இல்லை, ஒரு நாள் ஏறும், ஒரு நாள் நிற்கும். வீட்டுப்பாடம் கொடுக்க வேண்டிய நாளில் மைனஸ் ஏழில் இருந்தேன். ஜீரோவைத் தொட முடியவில்லையே என்று நான்தான் வருத்தப்பட்டேன். அவள் தாளைச் சுருட்டிக்கொண்டு ஜாலியாகப் போனாள். ஆசிரியர் அதைக் கரும்பலகையில் ஒட்டி, அந்த இறங்கிய இடத்தைப் பற்றி வகுப்பு முழுவதற்கும் சொல்லச் சொன்னாராம். தலையணைக் கதையைக் கேட்டு எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். "இந்தத் தடவ நானும் சேந்து சிரிச்சேம்மா" என்றாள்.

வீட்டுப்பாடம் முடிந்த பிறகும் அவள் விடவில்லை. தாளைத் திரும்ப வாங்கி வந்து, பக்கத்தில் இன்னொன்றை ஒட்டினாள். பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் அட்டைப் பாகைமானியை வைத்துப் பார்த்தவள், குனிந்து மறுபடி பார்த்தாள். பிறகு, "யப்பா, நீங்களும் வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்தார். சிவப்புக் கோட்டின் மேலேயே புள்ளி விழுந்தது. டாக்டரும் இன்னொரு ஆபரேஷன் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். மாசி மாதம் ஷெட்டுக்குத் திரும்பினேன். முதல் வாரம் பாதி நேரம்தான் நிற்க முடிந்தது. இப்போது முழு ஷிப்ட்டும் நிற்கிறேன். மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் குடைச்சல் உண்டு.

எத்தனையோ பேர் அன்றைக்கு எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஆனால் நான் சரிந்த நாளையும் மறைக்காமல் புள்ளி வைத்து, என் கோபத்தையும் வாங்கிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் வந்து உட்கார்ந்து 'ஏன்' என்று கேட்ட அந்தப் பிள்ளையின் பிடிவாதம்தான் என்னை எழுப்பி நிறுத்தியது. நம் மேல் உள்ள அன்பு சில நேரம் நமக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் பக்கத்தில் வந்து உட்காரும் என்பதை நான் அவளிடம் கற்றுக்கொண்டேன்.